என் கோபத்துக்கு ஒரு துளி ரத்தம்

என் நோய் முற்றியதை எங்கள் வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராசிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை, பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். பல வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி (இன்சுலின் என்பது கணையம் சுரக்கும் ஹார்மோன், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது). அந்த வருடம் மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் என் சர்க்கரை தானாக இறங்க ஆரம்பித்தது. அதே சோறு, அதே ஊசி, ஆனால் மீட்டரில் எண் குறைந்துகொண்டே வந்தது. உள்ளூர் டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். அடுத்த முறை போனபோது இன்னும் குறைத்தார். "வெரிகுட் மேடம், இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார். மருந்துச் சீட்டைத் தாண்டி அவர் கண் என் முகத்துக்கு வரவே இல்லை. வந்திருந்தால் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கம் தெரிந்திருக்கும்.

என் கணவர் குமரேசன் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பழனிக்கு வருடாவருடம் நடந்து போகும் பாதயாத்திரைக் குழு ஒன்றுக்குத் தலைவரும் அவர்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முருகன் கண்ணத் தொறந்துட்டான் புள்ள. நாந்தான் வேண்டியிருந்தேன். ஊசியே நின்னுபோகும் பாரு. இந்தத் தைப்பூசத்துக்கு நீயும் மாலை போட்டு நடக்கோணும்."

அன்றைக்குத்தான் பாயசம்.

இதைப் படிக்கிறவர்களில் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து உள்ளவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் ஆறுதல் சொல்வதற்காக இல்லை. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் என்னைப் பாதி கொன்றார்கள்.

'நடங்க' என்பதைப் போல எரிச்சலைக் கிளப்பும் சொல் வேறு கிடையாது. காய்கறிக்கடையில் நடக்கச் சொன்னார்கள். பேங்கில் நடக்கச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க கிரவுண்டில் வெயில் காய்ந்தவள் நான். கோகோவுக்கும் கபடிக்கும் பிள்ளைகளை மாவட்டப் போட்டி வரை கூட்டிக்கொண்டு போனவள். என்னிடம், தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரிலிருந்து இறங்க முடியாமல் இறங்குகிற ஒருத்தன், "தெனமும் கொஞ்சம் நடங்க மேடம், எல்லாம் சரியாப் போயிரும்" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

நடப்பது தப்பு என்று சொல்லவில்லை. யார், எப்போது, எதைத் தின்றுவிட்டு, எந்த ஊசியைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை என்கிறேன்.

மார்கழியில் மாலை போட்டோம். எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல் விளக்கியதோடு சரி, நடை முடித்து, குளித்து, பூஜை முடித்த பிறகுதான் வாயில் எதுவும் வைக்கலாம். பயிற்சிக்காக விடிவதற்கு முன்பே ஆத்தூர் ரோட்டில் நடப்போம். நான் எழுந்ததும் தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நடப்பேன். வயிற்றில் போட்டால் சேலைக் கட்டு உறுத்தும், தொடை வசதி. அந்த வசதிதான் பிறகு வினையானது.

உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சிறுநீர் நுரைத்தது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்து கிடந்தது. ஷூ இறுக்கம் என்று அடுத்த அளவு வாங்கினேன். வாயில் இரும்புச் சுவை. படியேறினால் மூச்சு வாங்கியது. எல்லாவற்றுக்கும் விரதம், நடை, வயசு என்று ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள். மீட்டரில் எண் அழகாக இருந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

தை பிறந்ததும் கிளம்பினோம். தம்மம்பட்டியிலிருந்து என் அக்கா சரோஜாவும் வந்து சேர்ந்துகொண்டாள். குமரேசன் சர்க்கரைக் காவடி எடுத்தார். காவடித் தண்டின் இரண்டு பக்கமும் நாட்டுச் சர்க்கரையை மூட்டை கட்டித் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து போவது. பழனியில் படைக்கும்வரை அதில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

நாமக்கல்லைத் தாண்டி, பரமத்தி வேலூரை நெருங்கும் காலையில் எனக்குக் கோபம் வந்தது.

ஆம், முதலில் வந்தது கோபம்தான். மயக்கமோ பசியோ வரவில்லை. பக்கத்தில் வருகிறவளின் கொலுசுச் சத்தம் ஆத்திரத்தைக் கிளப்பியது. 'அரோகரா' என்று யாரோ மைக்கில் கத்தியது மண்டைக்குள் குத்தியது. பச்சைச் சேலை முழுக்க வியர்வை. தை மாதக் காலையில் சொட்டச் சொட்ட நனைந்தேன். பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

நான் ரோட்டின் நடுவில் நின்று கண்ணை உருட்டிக்கொண்டு கத்தியிருக்கிறேன்: "வரிசையா நில்லுங்கடி! ஒருத்தி அசையக் கூடாது! கைய எறக்கு!"

பாதயாத்திரையில் மாலை போட்ட ஒரு பெண் உடம்பு நடுங்க, வியர்க்க விறுவிறுக்க, கண் செருகிக் கத்தினால் எங்கள் ஊர்ப்பக்கம் என்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்றுதான். "சாமி வரிசையில நிக்கச் சொல்லுது" என்று ஒருவர் சொல்ல, அத்தனை பேரும் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றிருக்கிறார்கள். இத்தனை வருட சர்வீஸில் நான் கேட்டு ஒரு கூட்டம் அவ்வளவு சீக்கிரம் வரிசையில் நின்றதில்லை.

கற்பூரம் கொளுத்தினார்கள். நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார்கள். காவடியை இறக்கி என் முன்னால் வைத்துவிட்டு என் கணவர் காலில் விழுந்து கேட்டிருக்கிறார்: "முருகா, மல்லிகாளுக்கு ஒடம்பு நல்லாயிருமா? ஒரு வார்த்த சொல்லு சாமி."

மல்லிகா நான்தான். எனக்கு நல்லாகுமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்!

"போடா வெளிய" என்று சொல்லிவிட்டு நான் சாய்ந்திருக்கிறேன்.

என் தலைக்குப் பக்கத்தில் இரண்டு மூட்டைச் சர்க்கரை இருந்தது. அதில் ஒரு பிடி என் வாய்க்கு வரவில்லை. அது சாமிக்கு உரியது, மேலும் சாமிதான் ஏற்கெனவே வந்திருந்ததே! சாமி என் உடம்பை விட்டு மலையேறட்டும் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அக்காதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "சாமி வந்தா ஒடம்பு கொதிக்கும். உன் கை ஜில்லுனு கெடந்துச்சுடி. சேலையெல்லாம் நனைஞ்சு போயி, வாய் கோணுச்சு" என்று பிறகு சொன்னாள். 108-ஐக் கூப்பிட்டது அவள்தான். ஆம்புலன்ஸில் வந்தவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரமா இப்படி விட்டீங்க?" என்று போட்ட சத்தத்தில்தான் கூட்டம் கலைந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏறிய பிறகு, கண்ணைத் திறந்து நான் கேட்ட முதல் கேள்வி, "பெல் அடிச்சாச்சா?"

சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஒருமுறை ஏற்றிய சர்க்கரை நிற்கவில்லை; மறுபடி மறுபடி இறங்கியது. அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். கண் விழிக்கும்போதெல்லாம் அக்கா இருந்தாள். அவர் எங்கே என்று கேட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பேச ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்ததும், "மாலை போட்டுட்டுப் பாதியில நிக்கக் கூடாதுங்க அண்ணி. அவளுக்காகத்தான் போறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவர் பழனிக்கு நடையைத் தொடரக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் விழுந்ததை என்ன வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை.

சிறுநீரக மருத்துவர் என்னைவிட வயதில் இளையவர். நின்றுகொண்டே பேசுகிறவர். கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்குவது) மிகவும் ஏறியிருந்தது. சிறுநீரகம் பெரும்பகுதி வேலையை நிறுத்திவிட்டது. டயாலிசிஸ் இன்றைக்கு வேண்டாம், ஒரு நாள் வரும் என்றார்.

"சுகர் ஏன் கொறஞ்சுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா டீச்சர்?"

"கட்டுக்குள்ள வந்துருச்சுன்னு சொன்னாங்க."

"கட்டுக்குள்ள வரலீங்க. கிட்னி போய்க்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் கொறஞ்சுது."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். வேலை முடிந்த இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரகம் பழுதானால் போட்ட ஊசி சீக்கிரம் தீராது, ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நேற்றைய ஊசி இன்றைக்கும் வேலை பார்க்கும். பட்டினி கிடக்கும்போது ஈரல் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விடும். சிறுநீரகமும் அதில் கொஞ்சம் கை கொடுக்கும். எனக்கு அந்தக் கையும் போய்விட்டது.

இதோடு உடற்பயிற்சி சேர்ந்தால் என்ன ஆகும்? நல்ல உடம்புள்ளவர் நடக்க ஆரம்பித்ததும் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். குளுக்ககான், அட்ரினலின் என்ற எதிர் ஹார்மோன்கள் (ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே எடுப்பவை) ஏறும். வேலை செய்கிற தசை இன்சுலின் கேட்காமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வரவும் செலவும் சரியாக இருக்கும். எனக்கு ஊசியில் போன இன்சுலினைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. எதிர் ஹார்மோன்களோ பல வருடச் சர்க்கரையில் சோம்பேறியாகிவிட்டன. பிரஷருக்குத் தின்ற மாத்திரை படபடப்பை வேறு அமுக்கி வைத்திருந்தது. போதாக்குறைக்கு, நடக்கிற காலின் தொடையில் ஊசி. ரத்த ஓட்டம் கூடக் கூட மருந்து சரசரவென்று ஏறியிருக்கிறது. வெறும் வயிறு. கிளம்பியது முதல் முன்வரிசை.

"கோபம் ஏன் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மூளைக்குச் சர்க்கரை பத்தலன்னா மொதல்ல நிதானம்தான் போகும். சில பேர் அழுவாங்க, சில பேர் சண்டை போடுவாங்க. நீங்க பி.டி. டீச்சர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குமரேசன் பழனியிலிருந்து திரும்பி வந்து பிரசாதத்தை நீட்டினார். பஞ்சாமிர்தம்! நல்ல வாழைப்பழத்தில் பிசைந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் (அதிகமானால் இதயத் துடிப்பையே நிறுத்தும் உப்பு) நிறைந்தது. நான் வாங்கவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நடக்கச் சொன்ன அதே வாய்கள் உட்காரச் சொல்ல ஆரம்பித்தன. "இனி ஓடியாடக் கூடாதுங்க." "பாத்ரூமுக்குக்கூடத் தனியா போகாதீங்க." பள்ளியில் தலைமையாசிரியை என்னை ஆபீஸ் அறையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கிரவுண்டை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். என் பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியார் விசில் ஊதினார். அது விசில் ஊதுகிற லட்சணமா?

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். திரும்ப அந்தக் கிரவுண்டில் நிற்க வேண்டும். சிறுநீரகம் போனால் போகட்டும், டயாலிசிஸ் வந்தால் வரட்டும், வருகிறவரை நான் பி.டி. மிஸ்ஸாக இருக்க வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும், "ஒடம்பப் பாருங்க மொதல்ல" என்றார்கள். அதுதான் என் உடம்பு என்று அவர்களுக்குப் புரியவில்லை.

வீட்டில் இதைவிட ஒரு கேவலம் நடந்தது. நான் சத்தமாக எதைச் சொன்னாலும் குமரேசன் மீட்டர் பையை எடுத்துக்கொண்டு வருவார். குழம்பில் உப்பு ஏன் போட்டீர்கள் என்று கத்தினால் மீட்டர். மாமியார் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்றால் மீட்டர். "சுகர் எறங்கிருச்சு போல, விரலக் காட்டு" என்பார். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கும் அது பழகிவிட்டது. குரலை உயர்த்தினால், "பாப்பா, சீனித் தண்ணி வேணுமா?" என்று சுவரைத் தாண்டிக் கேட்பார். முன்பு என் கோபத்தைச் சாமி எடுத்துக்கொண்டது. இப்போது சர்க்கரை எடுத்துக்கொண்டது. எனக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

அப்படிச் சோதிப்பதில் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில சமயம் உண்மையாகவே இறங்கியிருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். என் கோபம் என்னுடையதா, குறைந்துபோன சர்க்கரையுடையதா என்று எனக்கே தெரியாத நாட்கள் இருந்தன. ஆகவே ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்தி விரலை நீட்டினேன். குத்தி, ரத்தம் எடுத்து, எண் வருவதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போய்விடும். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது.

உட்கார்ந்தே இருந்ததில் தொடை வற்றியது. ஒரு நாள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துவிட்டு எழப் பார்த்தேன், முடியவில்லை. கையை ஊன்றினேன், முடியவில்லை. குப்புறத் திரும்பி, கட்டில் காலைப் பிடித்து எழுந்தேன். இத்தனை வருடம் பிள்ளைகளை 'உட்கார், எழு' என்று ஆட்டிவைத்தவள்! கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அடுத்த முறை சேலம் போனபோது டாக்டர் என் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி உக்காந்துட்டீங்க? யார் உங்கள உக்காரச் சொன்னது?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "ஊரே சொல்லுச்சுங்க! முந்தி ஊரே நடக்கச் சொல்லுச்சு, விழுந்தேன். இப்ப ஊரே உக்காரச் சொல்லுது, நொண்டியாகிட்டேன். உங்களுக்கெல்லாம் ஒரே பேச்சா பேச வராதா?"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குமரேசன் பைக்குள் கையை விட்டார். டாக்டர், "இருங்க சார், அது சுகர் இல்ல. அவங்க கேக்கறது நியாயம்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருத்தர் என் கோபத்தைக் கோபமாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

அவர் உட்கார்ந்து சொன்னார். தசையைப் பழுது பார்ப்பதற்கு மூளைக்கு அடியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் (பெயர்தான் அப்படி, பெரியவர்களுக்கும் அது வேண்டும்) வருகிறது. சிறுநீரக நோயில் அந்த ஹார்மோன் குறையாது, போதுமான அளவு இருக்கும். ஆனால் தசைக்கு அது சொல்வது ஏறாது. எனக்கு இது உடனே விளங்கியது: விசில் ஊதுகிறார்கள், கிரவுண்டில் ஒருத்திக்கும் கேட்கவில்லை. எரித்ரோபாய்ட்டின் (சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் ஹார்மோன், சிறுநீரகம்தான் சுரக்க வேண்டும்) குறைந்ததால் ரத்தம் குறைந்து மூச்சு வாங்கியது, அதற்கு ஊசி உண்டு. தசைக்கு ஊசி கிடையாது. அதை வேலை வாங்கினால்தான் காது கொஞ்சம் திறக்கும். மற்றவர்களுக்குத் திறக்கிற அளவு எனக்குத் திறக்காது, தாமதமாகத் திறக்கும், ஆனால் திறக்கும் என்றார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. தண்ணீர் பாட்டிலை இரண்டு கையில் பிடித்துத் தூக்குவது. பிறகு நடை. உங்களுக்கும் இது வேண்டியிருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஊசியின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். நான் சாப்பிடாமல் நடப்பதில்லை. கிளம்பும் முன் சோதிக்கிறேன், வந்ததும் சோதிக்கிறேன். ஊசி இப்போது வயிற்றில். இடுப்பில் குளுக்கோஸ் மாத்திரை இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. சர்க்கரை இறங்கினால் அவசரத்துக்கு வாழைப்பழமோ இளநீரோ கொடுக்கப் பாய்ந்து வருவார்கள்; அது நமக்கு விஷம். வெறும் சீனி போதும். தயவுசெய்து சாமி வந்திருக்கிறதா என்று காத்திருக்க வேண்டாம். சீனியை வாயில் போட்டுவிட்டுக் கும்பிடட்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும்.

உடம்பைப் பற்றிய என் கணக்கு மாறிப்போனது. முன்பெல்லாம் ஓடினால் அங்கேயே மூச்சு வாங்கும், நின்றால் அடங்கும். கேள்வியும் பதிலும் அதே இடத்தில். இப்போது காலையில் நடந்ததற்குச் சாயங்காலம் பதில் வருகிறது. சில சமயம் மறுநாள் விடியும்போது வருகிறது. தசை மெதுவாகச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், நான் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைய உடம்பில் நேற்றைய நடை இருக்கிறது என்பதை மறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். கூடவே குடியிருக்கும் பங்காளியிடம் பேசுவதுபோல், உடம்பிடம் அளந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்தேன். டாக்டர், தாராளமாக கிரவுண்டுக்குப் போகலாம், வெயிலில் ஓட மட்டும் வேண்டாம் என்றார். தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர். நேத்தே உங்க வீட்டுச் சாரைக் கேட்டேன். அவர் வேண்டாங்கறாரே" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"எச்.எம்.கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"ஆபீஸ்லயே உக்காரட்டும்னேன். மறுபடி எங்காச்சும் உழுந்தீன்னா ஆரு பாக்கறது? உன்ர நல்லதுக்குத்தான் புள்ள."

"என் வேலைக்கு நீங்க எப்படிங்க பதில் சொல்லலாம்?"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் பழக்கப்படி அலமாரிப் பக்கம் திரும்பினார். "கத்தாத. மொதல்ல விரலக் குடு."

கொடுத்தேன். நானே குத்திக்கொண்டேன். துளியை மீட்டர் பட்டையில் தொட்டு வைத்துவிட்டு இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த முறை சொல்ல வந்தது ஆறவில்லை. நூற்றுப் பதினெட்டு.

அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. இது சுகர் இல்லீங்க. சாமியும் இல்ல. நாந்தான் பேசறேன். உக்காருங்க."

அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"நான் ஐ.சி.யு.ல கண்ணு முழிச்சு உங்களத் தேடுனேன். நீங்க இல்ல. சாகக் கெடக்கறப்ப என்னைய உட்டுப்போட்டு, எனக்காக வேண்டறதுக்குப் போயிட்டீங்க."

"உனக்காகத்தானே புள்ள போனேன்..."

"எனக்காகன்னா என்னையக் கேட்டிருக்கோணும். அப்பவும் கேக்கல. ரோட்டுல என் கால்ல உழுந்து முருகனக் கேட்டீங்க. போன்ல எச்.எம்.கிட்டச் சொன்னீங்க. இந்த மிஷினக் கேக்கறீங்க. எம்பட மூஞ்சியப் பாத்து, மல்லிகா உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருப்பீங்களா?"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "நாளைக்கு எச்.எம்.கிட்ட நானே பேசிடறேன்" என்றார்.

"வேண்டாங்க. நானே பேசிக்கறேன். திங்கக்கெழம கிரவுண்டுல நிப்பேன். நான் இன்னும் முடிக்கல."

எழப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். தை மாதத்திலிருந்து உள்ளே வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னேன். முடிக்கும்வரை அவர் கை ஒருமுறைகூட மீட்டர் பக்கம் போகவில்லை.